தறி வீட்டுக்குள் போகும் நாற்காலி

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். அடக்கமாக எழுதுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்கு அது வராது. முப்பது வருஷத்துக்கு மேல் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். செய்த தப்புகளை எழுதிக் கண்ணைக் கசக்குவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சரியாகச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லப் போகிறேன். நடுநடுவே மார் தட்டிக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் உங்கள் பிரிவுக்கு வந்திருந்தேன். சக்கர நாற்காலிகளுக்கென்றே தலையணை கனத்தில் ஒரு புத்தகம் வைத்திருக்கிறீர்கள். உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், ஒரு பெரியவரை உட்காரவைத்து இடுப்பு, தொடை, முழங்கால் எல்லாம் பொறுமையாக அளந்தார். ஒரு பிசகு இல்லை. "அவங்க வீட்டு வாசல் எவ்வளவு அகலம்?" என்று கேட்டேன். முழித்தார். "காலைல எழுந்ததும் இவர் முதல்ல எங்கே போகணும்?" என்று கேட்டேன். அதற்கும் முழித்தார். அவருக்குக் கோபம் வராது என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். வந்தாலும் பரவாயில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே ஒரு சக்கர நாற்காலிதான் இருந்தது. அதற்கும் முன்சக்கரம் ஒன்று தனக்குத் தோன்றிய பக்கம் போகும். நோயாளி வீட்டுக்கு நாற்காலி கொண்டுபோவது என்ற பேச்சே கிடையாது. கால் போனவர்கள் வீட்டு மூலையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில்தான் சகுந்தலா என்னிடம் வந்து சேர்ந்தாள்.

அவளுடைய தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் இந்தக் கதையே புரியாது. தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு நெய்து முடிந்ததும் புதுப் பாவை ஏற்ற வேண்டும். பழைய பாவின் நுனியில் இருக்கும் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஓர் இழையைச் சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பட்டு இழைகள். இதற்குப் பாவு பிணைப்பது என்று பெயர். பிணைக்கிறவள் வரும்வரை தறி நின்றுதான் கிடக்கும். பழைய பாவு தறியிலேயே இருப்பதால் அதைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போக முடியாது. அவள்தான் தறி இருக்கும் வீட்டுக்கு வர வேண்டும். நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் அப்படிப் பல வீடுகள் சகுந்தலாவுக்கு வாடிக்கை. கைவேகத்தில் அவளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆளில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அவளே முதலில் சொன்னாள்.

ஒரு மழைக்காலத்தில் தென்னேரியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது மண்சுவர் இடிந்து அவள் முதுகில் விழுந்தது. மதராஸில் பல மாதம் வைத்தியம் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, அசைவும் இல்லை. தோளும் கையும் விரலும் பழையபடியே இருந்தன.

முதல் நாள் அவளுடைய காலை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா, காலு வராதுன்னு மெட்ராஸ்லயே சொல்ட்டாங்க. அத்த விடுங்க. நான் வீட்டு வீட்டுக்குப் போவணும். அதுக்கு வழி சொல்லுங்க."

"கொஞ்சம் பொறும்மா. உடம்பு தேறட்டும்."

"தீவாளி வருதும்மா. தறி எனக்காவ காத்துக்கினு நிக்காது. ஒரு வூட்ல வேற ஒருத்தி பூந்துட்டான்னா அப்புறம் அவதான் அந்த வூட்டுக்கு. எனக்கு வூடு போச்சின்னா போனதுதான்."

அவள் கணவன் நடராசன் கூலிக்கு நெய்பவன். நல்ல மனிதன், வாய் கொஞ்சம் அதிகம். மனைவியைத் தினமும் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, தூக்கிக்கொண்டு என் அறைக்குள் நுழைவான். அவள் அவன் தோளுக்கு மேலாகச் சுவரையே பார்த்துக்கொண்டு வருவாள். தூக்கிக்கொண்டு வருவது அவனுக்குப் பாசம், அவளுக்கு அது பெரிய அவமானம். எனக்கு இது புரிய ஒரு வாரம் பிடித்தது.

எங்கள் தலைமை மருத்துவரிடம் போய் யோசனை கேட்டேன். அவர் ஒரே நிமிஷத்தில் பதில் சொல்லிவிட்டார். "தறி வேலை எல்லாம் தரையிலதானே? நாலு சக்கரம் வச்ச பலகை ஒண்ணு பண்ணிக் குடுங்க. தரையோட தரையா போய்க்கலாம், ஏறி இறங்க வேண்டாம், எந்த வாசல்லயும் நுழையும்." கணக்குப்படி பார்த்தால் அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. மறுநாள் இருவரிடமும் சொன்னேன்.

நடராசன் முகம் சுண்டிப்போனது. "கோயில் வாசல்ல தகர டப்பா வச்சிக்கினு உக்காந்துக்கினு இருப்பாங்களே, அவங்க வச்சிருப்பாங்களே, அந்தப் பலகையாம்மா?"

சகுந்தலா அவனைப் போலக் கத்தவில்லை. நிதானமாகச் சொன்னாள். "பாவு பிணைக்க வர்றவள உள்ள வான்னு கூப்புடுவாங்கம்மா. பலகையில வந்தன்னு வச்சிக்குங்க, அரிசி எடுத்துக்கினு வெளிய வருவாங்க."

இதைப் படிக்கும்போது உங்களில் சிலருக்கு, இதெல்லாம் வீண் கௌரவம், வேலை நடந்தால் போதாதா என்று தோன்றும். தோன்ற வேண்டாம். கோபுரங்களைச் சுற்றியே தெருக்கள் ஓடும் ஊர் அது. சக்கரப் பலகை என்றால் என்ன என்று அங்கே பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அதில் உட்கார்ந்து போனால் அவளை யாரும் தறிக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள். ஆக, வேலையும் நடந்திருக்காது. தலைமை மருத்துவரிடம் போய்ப் பலகை வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்றார். அரிசி விஷயத்தைச் சொன்னதும் அவரும் பலகையை விட்டுவிட்டார்.

அப்போதுதான் இன்னொரு பக்கத்திலிருந்து ஆபத்து வந்தது. ஆபத்து என்று நான் சொல்கிறேன், ஊரில் எல்லாரும் அதிர்ஷ்டம் என்றார்கள். ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்று. அதன் செயலாளர் பட்டு வியாபாரி. சகுந்தலாவைப் பற்றிக் கேள்விப்பட்டு, மதராஸிலிருந்து ஒரு நாற்காலி வாங்கிக் கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டார்கள். கல்யாண மண்டபத்தில் விழா, பெரிய அதிகாரி ஒருவர் தலைமை, ஊரெல்லாம் நோட்டீஸ். நாற்காலியை நானும் போய்ப் பார்த்தேன். பளபளவென்று முகம் தெரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தள்ளிக்கொண்டு போவதற்கென்றே செய்தது. இரண்டு பக்கமும் கழற்ற முடியாத கை, நல்ல அகலம், நல்ல உயரம், நல்ல கனம். நடராசன் அதைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"ராணி மாதிரி உக்காருவாம்மா," என்றான்.

ராணி எந்த வீட்டில் பாவு பிணைத்தாள் என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அதற்குப் பதிலாகச் செயலாளரிடம் நயமாகப் பேசி, விழாவுக்கு முந்தின நாள் காலையில் நாற்காலியை வாங்கிக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்குப் போனேன். சகுந்தலாவை அதில் உட்காரவைத்து, அவள் வழக்கமாகப் போகும் ஒரு வீட்டுக்கு நடராசன் தள்ளிக்கொண்டு வந்தான்.

தெருவில் போகும்வரை எல்லாம் அழகாகத்தான் இருந்தது. வீட்டுப் படியில் நாற்காலியை ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. ஏற்றினால் வாசல் நிலைக்குள் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், இரண்டு பக்கமும் இடித்தது. கடைசியில் நடராசன், "இருங்க, நான் தூக்கிக்கினு போறன்" என்று மனைவியைத் தூக்கிக்கொண்டு போய்த் தறிக்குப் பின்னால் தரையில் இறக்கிவிட்டான். அந்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் 'ஐயோ பாவம்' என்றார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலி மட்டும் வாசலிலேயே பளபளத்துக்கொண்டு நின்றது.

சகுந்தலா என்னைக் கூப்பிட்டாள். குனிந்தேன்.

"ஒரு இடத்துல தூக்கி வச்சா வச்ச இடத்துலயே கெடக்கணும். திருப்பித் தூக்க ஆளு வர்ற வரைக்கும் உக்காந்துக்கினு இருக்கணும். நான் இன்னா அண்டாவாம்மா?"

அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அதை வெளியே சொல்லத்தான் தைரியம் வேண்டியிருந்தது.

அன்று மாலை தலைமை மருத்துவரின் அறையில் செயலாளர் உட்கார்ந்திருந்தார். இந்த நாற்காலி சகுந்தலாவுக்கு உதவாது என்றேன். அவர் கோபக்காரர் இல்லை, உண்மையிலேயே நல்லது செய்ய நினைத்தவர். அதனால்தான் அவரோடு வாதாடுவது கஷ்டமாக இருந்தது.

"நோட்டீஸ் குடுத்தாச்சும்மா. அதிகாரி நாளைக்கு வந்துடுவாரு. அந்தப் பொண்ணு ஒரு நாளைக்கு உக்காந்து போட்டோ எடுத்துக்கட்டும். அப்புறம் நீங்க என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க. என்ன நஷ்டம்?"

தலைமை மருத்துவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அன்றைக்கு ஓடக்கூட இல்லை.

என்ன நஷ்டம் என்று அவர் கேட்டதற்குச் சரியான பதில் எனக்குத் தெரிந்திருந்தது. இந்த வேலையில் எனக்கிருந்த புத்திசாலித்தனம் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வேலை செய்தது என்று இப்போதும் நினைக்கிறேன். ஊரில் ஒருவருக்கு ஒரு தடவைதான் கொடுப்பார்கள். மேடையில் அவள் உட்கார்ந்து படம் எடுத்துவிட்டால் சகுந்தலாவுக்கு நாற்காலி கொடுத்தாகிவிட்டது என்று ஊரே முடித்துக்கொள்ளும். இரண்டாவது நாற்காலி என்று யாரிடம் போய் நிற்பது? கொடுத்ததை மதிக்கத் தெரியாதவள் என்ற பேர் வேறு வரும். நாற்காலி அவள் வீட்டுக் கூடத்தில் துணி போர்த்தி நிற்கும், மேலே ரேடியோ வைப்பார்கள். அவள் பாயில் கிடப்பாள். வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறும்.

"விழா நடக்கட்டும் சார்," என்றேன். "நாற்காலியை ஆஸ்பத்திரிக்குக் குடுங்க. எங்ககிட்ட இருக்கிறது நொண்டி நாற்காலி. இது எங்க வராந்தாவுக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு. ஆபரேஷன் ஆன எத்தனையோ பேருக்கு உதவும். உங்க சங்கத்துப் பேரை முதுகுல பெரிசா எழுதிக்குங்க. சகுந்தலாவுக்கு ஒரு நாற்காலி நானே செய்யவைக்கிறேன். அதுக்கு வேண்டிய குழாயும் சக்கரமும் மட்டும் சங்கம் வாங்கிக் குடுத்தா போதும்."

செயலாளர் யோசித்தார். "அதெல்லாம் சரிம்மா. நாளைக்கு மேடையில அதுல யாரு உக்கார்றது?"

"நான் உக்கார்றேன்."

உட்கார்ந்தேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நானே உருட்டிக்கொண்டு போய், திருப்பிக் காட்டி, அதிகாரிக்கு வணக்கமும் வைத்தேன். மண்டபம் முழுக்கச் சிரிப்பு, கைதட்டல். யாரும் முகம் கோணவில்லை. அந்தப் படம் இன்றும் என்னிடம் இருக்கிறது, பார்க்கக் கொஞ்சம் லட்சணமாகவே இருக்கிறேன்.

ஆனால் நடராசன் சிரிக்கவில்லை. மறுநாள் என் அறை வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினான். "எங்களுக்குன்னு வந்தத ஆஸ்பத்திரிக்குப் புடுங்கிக்கினீங்களேம்மா! இருந்த ஒண்ணும் போச்சு!" சகுந்தலா என்னையே பார்த்தாள். அவன் கத்தியது என்னை ஒன்றும் செய்யவில்லை, அவள் பார்வை சுட்டது. நான் செய்யவைக்கும் நாற்காலி உதவாமல் போனால், கால் இல்லாதவளுக்கு வந்ததைத் தட்டிப் பறித்தவள் என்றுதான் என்னை இந்த ஊர் சொல்லும். அது நியாயமாகவும் இருக்கும்.

ஓரிக்கை போகும் சாலையில் சைக்கிள், ரிக்ஷா எல்லாம் வெல்டிங் செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. பட்டறைக்காரருக்கு உயரமான முதுகு, பக்கத்துக்கு ஒரு மணி, பின்னால் ஒரு குஞ்சம் இதெல்லாம் வைக்க ஆசை. தினமும் அவரோடு சண்டை போட்டேன். வாடிக்கை வீடுகளுக்கெல்லாம் போய் நிலைகளை அளந்துகொண்டு வந்திருந்தேன். அதில் மிகவும் குறுகலான நிலைக்குள் நுழையும் அகலம்தான் நாற்காலியின் அகலம். பக்கவாட்டில் கையே வேண்டாம் என்றேன். "விழுந்துடுவாங்கம்மா" என்றார். தோளில் பலம் இருப்பவள் விழமாட்டாள், கை இருந்தால்தான் இறங்க முடியாமல் மாட்டிக்கொள்வாள் என்றேன்.

உயரம்தான் என்னை உண்மையிலேயே வதைத்தது. அவள் வேலை தரையில். உயரம் வைத்தால் தனியாக இறங்கி ஏற முடியாது. தாழ்த்திக்கொண்டே போனால் கோயில் வாசல் பலகை ஆகிவிடும். தெருவில் வரும்போது, பார்க்கிறவர் கண்ணுக்கு அது வண்டியாகத் தெரிய வேண்டும். பட்டறையில் செங்கல்லை அடுக்கி அடுக்கி, சகுந்தலாவை மேலே உட்காரவைத்து, நான் தெருவில் தள்ளி நின்று பார்த்தேன். ஒரு கல் எடு, ஒரு கல் வை. பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பிரம்பு முக்காலி உயரம் வந்ததும் சகுந்தலாவே சொன்னாள்: "இதும்மா. இதுல உக்காந்தா ஆளு மாதிரி இருக்குது."

பெரிய சைக்கிள் சக்கரம் இரண்டு, முதுகுக்கு இடுப்பளவு சாய்மானம். கால் வைக்கும் இடத்தில் கழற்றி எடுக்கிற மாதிரி ஒரு குட்டி மணை. நாற்காலியிலிருந்து மணைக்கு, மணையிலிருந்து தரைக்கு. ஏறும்போது இதையே தலைகீழாக. படியில் சரிவாகப் போட்டு ஏற ஒரு பலகை பின்னால் தொங்கும். நிறம் கறுப்பு, பட்டறையில் அதுதான் இருந்தது.

இறங்க ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். ஏறத்தான் உயிர் போனது. எங்கள் அறையில் பாயை விரித்து, விழுந்து விழுந்து எழுந்தாள். என்னைத் திட்டினாள், நாற்காலியைத் திட்டினாள், இடிந்து விழுந்த சுவரைத் திட்டினாள். நடராசன் தூக்கிவிட ஓடி வருவான். அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவேன். வெளியே நின்றுகொண்டு அவன் என்னைத் திட்டுவான்.

இன்னொரு பயம் எனக்கு இருந்தது. உங்களுக்கும் அது இருக்க வேண்டும். உணர்ச்சி இல்லாத உடம்பைத் தரையில் மணிக்கணக்காக வைத்தால் தோல் பிய்ந்து புண் வரும், அந்தப் புண் ஆளையே கொண்டுபோய்விடும். ரப்பர் நுரையில் தடியாக ஒரு மெத்தை வெட்டிக் கொடுத்தேன். அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கு என்றேன். வேலையில் இறங்கிவிட்டால் அவளுக்கு நேரம் ஞாபகம் இருக்காது என்று எனக்குத் தெரியும். எப்படிப் பிணைப்பாய் என்று கேட்டேன். இழைகளைப் பிடி பிடியாகப் பிரித்துக் கட்டி வைத்து, ஒரு பிடி முடிந்ததும் அடுத்ததை அவிழ்ப்பாளாம். அப்படியானால் ஒரு பிடி முடிந்ததும் ஒரு தடவை எழும்பு, எழும்பாமல் அடுத்த பிடியை அவிழ்க்கக் கூடாது என்றேன். அது அவள் கைக்குப் பிடித்துப்போனது. மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் நடந்திருக்குமா சொல்லுங்கள்.

தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது. முன்பு நிலையில் இடித்த அதே வீட்டில் தறி நின்றது. நான் வருகிறேன் என்று சகுந்தலா சொல்லி அனுப்பினாள். நடராசனைக் கூட வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். என்னையும் வர வேண்டாம் என்றாள். நான் எப்போது யார் பேச்சைக் கேட்டேன்? அவளுக்கு முன்னாலேயே போய் அந்த வீட்டில் நின்றேன்.

வெகுநேரம் அவள் வரவில்லை. வழியில் கவிழ்ந்துவிட்டாளா, பாதியில் திரும்பிவிட்டாளா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். தறிக்காரர் மனைவி உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். கடைசியில் தெருமுனையில் கறுப்பு நாற்காலி தெரிந்தது. தானே உருட்டிக்கொண்டு வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

தறிக்காரர் மனைவி வாசலுக்குப் போனாள். ஐயோ பாவம் என்று ஆரம்பித்துவிடப் போகிறாளே என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏண்டி சகுந்தலா, வெடிஞ்சதும் வரன்னு சொல்ட்டு இப்பத்தான் வர்றியா? தறி நின்னு கெடக்குது. எங்க வூட்டு ஆளு வெத்தல போட்டுக்கினு ஊர் கத பேசிக்கினு இருக்குது!"

"நான் இன்னாக்கா பண்றது? மேலத் தெருவுல பாவ நீட்டிக் கஞ்சி தோய்க்கிறாங்க. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் தெருவ அடச்சிக்கினு கட்டி வச்சிக்கிறாங்க. சுத்திக்கினுதான வரணும்? பறந்தா வர்றது?"

"பேச்சுல ஒண்ணும் கொறச்சல் இல்ல. வா, வா."

சகுந்தலா பலகையைப் படியில் போட்டாள். நாற்காலி ஏறியது, நிலைக்குள் நுழைந்தது. அந்த நொடியில் நான் எதையாவது சொல்லிக் கத்தியிருப்பேன், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். தறிக்குப் பின்னால் போய் நிறுத்தி, மணையை எடுத்துப் போட்டு, நாற்காலியிலிருந்து மணைக்கும் மணையிலிருந்து மெத்தைக்கும் இறங்கினாள். காலைக் கையால் எடுத்து ஒழுங்காக மடக்கி வைத்துக்கொண்டாள். கொட்டாங்குச்சியில் சாம்பல் வந்தது. தொட்டாள், முதல் இழையை முறுக்கினாள். அதற்கப்புறம் விரல்கள் போன வேகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு பிடி முடிந்தது, கையை ஊன்றி எழும்பினாள், உட்கார்ந்து அடுத்ததை அவிழ்த்தாள். வீட்டில் யாரும் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். வாசலை அடைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றது நான் ஒருத்திதான்.

அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

"அம்மா, கொஞ்சம் தள்ளிக்குங்க. வெளிச்சம் மறைக்குது, நூலு தெரியல."

தள்ளிக்கொண்டேன். அவ்வளவு பெருமையோடு நான் வேறு எந்த இடத்தை விட்டும் விலகியதில்லை.